வாளைக் கற்கப் போய் வாளியைக் கற்ற கதை

போன வியாழக்கிழமை இரவு 11.40. என் ஸ்லூப் கப்பலின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கச் சுவரில் இன்னும் அடைக்காத ஓட்டை ஒன்று. பையில் ஒரே ஒரு வாழைப்பழம். எதிரே இருந்த கப்பலைத்தான் காணோம். அது மூழ்கிவிட்டிருந்தது. ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ விளையாட்டில் இன்னொரு மனிதரோடு தனியாக மோதி நான் ஜெயித்த முதல் சண்டை இது. தொடங்கி 43 இரவுகள் ஆகியிருந்தன. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் கத்த முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதில் கிட்டத்தட்ட பாதி நாட்கள் தப்பான வழியில் போனவை. அவற்றையும் விடவில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2018 மார்ச்சில் ரேர் நிறுவனம் வெளியிட்ட கடற்கொள்ளையர் விளையாட்டு இது. நம் கண் வழியாகவே எல்லாம் தெரியும். கப்பலை நாமே ஓட்ட வேண்டும், பாயை நாமே இறக்க வேண்டும், பீரங்கியில் குண்டை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். இதில் என்னைப் பிடித்துப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. பல வருடங்களாக ஆடுபவரின் வாளும் நேற்று வந்தவரின் வாளும் ஒரே அளவுதான் வெட்டும். கடையில் விற்கும் விலை உயர்ந்த வாள்களில் தோற்றம் மட்டுமே வேறு. ஆகவே தோற்றால் சாக்குச் சொல்ல வழியே இல்லை. எனக்கு 39 வயது. சாக்கு இல்லாமல் தோற்பது அவ்வளவு பழக்கமில்லை.

என்னை இழுத்துவிட்டது அக்கா மகன். திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். முதல் வாரம் அவனோடு சேர்ந்து ஸ்லூப்பில் போனேன். ஸ்லூப் ஒருவரோ இருவரோ ஓட்டும் சின்னக் கப்பல், பக்கத்துக்கு ஒரு பீரங்கி. எதிரி வந்தால் அவன் பார்த்துக்கொள்வான், நான் செத்துப்போவேன். செத்தால் பேய்க் கப்பல் ஒன்றில் கதவு திறக்கும்வரை காத்திருந்து திரும்பி வர வேண்டும். அந்தக் கதவு எனக்கு நன்றாகப் பழக்கமாகிவிட்டது. “மாமா, மறுபடியும் அங்கயா இருக்கீங்க?” என்று மைக்கில் கேட்பான்.

இரண்டாவது வாரம் மகளின் பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு. ஏழு இரவுகளில் 52 கோடுகள் விழுந்தன. அவற்றில் நேருக்கு நேர் நின்று, முழு கவனத்தோடு சண்டை போட்டுச் செத்தது வெறும் 5. மலையிலிருந்து விழுந்ததும் வெடிமருந்துப் பீப்பாயை நானே வெடித்துக்கொண்டதும் 7. பின்னாலிருந்து கப்பலில் ஏறி வந்தவனைப் பார்க்காமல் செத்தது 9. மீதி 31 சாவுகளின்போதும் என் கை வேறு வேலையில் இருந்தது: குண்டு நிரப்பிக்கொண்டிருந்தேன், அடிபட்ட உடம்பு தேறப் பழம் தின்றுகொண்டிருந்தேன், அல்லது வாள் பாய்ச்சல் தவறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

இதை அப்போதே சரியாகப் படித்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். நான் என்ன செய்தேன்? ‘குறி சரியில்லை, கருவி சரியில்லை’ என்று முடிவு செய்து கடைக்குப் போனேன்.

செலவுக் கணக்கு இது. மவுஸ் 750 ரூபாய். பெரிய மவுஸ்பேட் 280. ரூட்டரிலிருந்து மடிக்கணினி வரை 15 மீட்டர் லேன் கேபிள், இரு முனையிலும் பின் அடித்து, சுவரில் அடிக்கும் கிளிப்போடு 420. மின்சாரம் போனால் ரூட்டர் அணையாமல் இருக்க ஒரு சின்ன யுபிஎஸ் 1,350. மொத்தம் 2,800.

இவற்றில் உண்மையாகவே உதவியது கேபிள். அதுவரை, சுட்டால் குண்டு பட்டது போலத் தெரியும், எதிரிக்கு ஒன்றும் ஆகாது. விளையாட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கட்டளைத் திரையைத் திறந்து என் வீட்டு ரூட்டருக்கே பிங் போட்டுப் பார்த்தேன். இரண்டு சுவர் தாண்டி இருக்கும் அந்தப் பெட்டிக்குப் போய் வர ஒரு தடவை 2 மில்லி வினாடி, அடுத்த தடவை 180, அப்புறம் 40. கடல் கடந்து போகும் முன்பே, கூடத்தைக் கடக்கவே தடுமாறிக்கொண்டிருந்தது. கேபிள் போட்ட பிறகு 1, 1, 1 என்று வரிசையாக வந்தது. படாத குண்டு இப்போதும் ஒன்றிரண்டு உண்டு, ஆனால் முன்பு போல இல்லை. யுபிஎஸ்ஸும் பரவாயில்லை, எங்கள் தெருவில் அது தேவைதான். மவுஸ் மட்டும் வீண். பழைய மவுஸே போதுமாக இருந்திருக்கும்.

மவுஸைவிட அதன் வேகம்தான் சிக்கல். மேசையில் மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன். திரையில் நான் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை 9 சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும் என்றிருந்தது. தும்மினால் பின்னால் திரும்பிவிடுவேன். 45 சென்டிமீட்டருக்கு மாற்றினேன். இப்போது பின்னால் ஒருவன் ஏறி வந்தால் திரும்புவதற்குள் முதுகில் இரண்டு வெட்டு விழுந்தது. மூன்று இரவு மாற்றி மாற்றிப் பார்த்து 28-இல் நின்றேன். அப்புறம் அதைத் தொடவே இல்லை. எண் 28 என்பதைவிட, தொடாமல் இருந்ததுதான் கைக்குப் பழக்கத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து வாள். இதற்கு ‘சேஃபர் சீஸ்’ என்ற தனிக் கடலுக்குப் போனேன். மற்ற ஆட்டக்காரர்கள் வர முடியாத இடம், 2023 டிசம்பரில் சேர்த்தார்கள். அங்கே சம்பாத்தியம் வழக்கத்தில் 30 சதவீதம்தான், ஆனால் பயிற்சிக்கு வந்தவனுக்குக் காசு எதற்கு? தீவில் இறங்கினால் மண்ணைப் பிளந்துகொண்டு எலும்புக்கூடுகள் எழும். ஒரு இரவுக்கு ஒரே ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் இரவு வெட்டு மட்டும். மனிதன் ஒருவனைச் சாய்க்க நான்கு வெட்டு வேண்டும். தொடர்ந்து அடித்தால் மூன்றாவது வெட்டு எதிரியைப் பின்னால் தள்ளிவிடும், நம் கையும் ஒரு கணம் ஓய்ந்துவிடும். தள்ளப்பட்டவனிடம் துப்பாக்கி இருந்தால் நாமே அவனுக்குச் சுடுவதற்கான தூரத்தைக் கொடுத்ததாகிவிடும். எனவே இரண்டு வெட்டு, ஒரு பக்கமாக நகர்வு, மறுபடி இரண்டு. மூன்றாவது வெட்டைக் கப்பலின் ஓரத்துக்கென்று ஒதுக்கி வைத்தேன், அங்கே தள்ளினால் கடலில்தான் விழுவான்.

இரண்டாவது இரவு தடுப்பு. தடுத்துக்கொண்டிருக்கும்போது நடை மெதுவாகிவிடும். ஆனால் தடுப்பில் இருந்தபடியே பக்கவாட்டில் குதித்தால் சட்டென்று ஒரு எட்டு விலகலாம். இந்த ஒன்று கைக்கு வர நான்கு இரவு ஆனது. வாள் தடுப்பு குண்டைத் தடுக்காது என்பதைத் துப்பாக்கி வைத்திருந்த ஒரு எலும்புக்கூடு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. அவை குறி தப்புவது குறைவு. அடிபட்ட எலும்புக்கூடு வாழைப்பழத்தை எடுத்துத் தின்று தேறிக்கொள்ளும் என்பதையும் அன்றுதான் பார்த்தேன். வயிறே இல்லாமல் எப்படி என்று கேட்கக் கூடாது.

மூன்றாவது பாய்ச்சல். அடிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வாளைப் பின்னுக்கு இழுத்து, விட்டதும் முன்னால் பாயும். பட்டால் இரண்டு வெட்டுக்கு மேல் சேதம். அதோடு ஒரு பிஸ்டல் குண்டு சேர்ந்தால் ஆள் காலி. படாவிட்டால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி நிற்போம், அதுதான் நோட்டில் விழுந்த பல கோடுகளுக்குக் காரணம். பாய்ச்சலில் மலையிலிருந்து நேராகக் கடலுக்குப் போனது இரண்டு முறை. மூன்றாவது முறை கடல் இல்லை, பாறை. எதிரி நகர முடியாத நேரத்தில் மட்டும் பாய வேண்டும்: அவன் பழம் தின்னும்போது, பீரங்கியில் நிற்கும்போது, ஏணியில் ஏறி வரும்போது. நான் செத்த அதே தருணங்கள்! அப்போதும் எனக்கு விஷயம் முழுதாக உறைக்கவில்லை.

ஏனென்றால் அந்த வாரக் கடைசியில் மருமகன் பேச்சைக் கேட்டு வாளையே விட்டுவிட்டேன்.

“வாள் பழைய ஸ்டைல் மாமா. ஐ ஆஃப் ரீச்சும் பிஸ்டலும் எடுத்துக்கோங்க. ரெண்டு ஷாட், வேலை முடிஞ்சுது” என்றான். அவன் சொன்னது தப்பில்லை. கையில் இரண்டு ஆயுதம்தான் வைத்துக்கொள்ளலாம், ஐ ஆஃப் ரீச் என்ற நீளத் துப்பாக்கியில் ஒன்றும் பிஸ்டலில் ஒன்றும் பட்டால் எதிரி விழுவான். அவன் கைக்கு அது சரி. எனக்கோ முதல் குண்டு தப்பும், இரண்டாவதும் தப்பும், ஒவ்வொரு குண்டுக்கும் மறுபடி நிரப்ப வேண்டும், அதற்குள் எதிரி மூக்குக்கு முன்னால் நிற்பான், தடுக்க வாளும் இல்லை. பத்து இரவு இப்படிப் போனது. நோட்டில் ‘கை வேறு வேலை’ கட்டம் அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. பதினோராவது இரவு வாளும் பிஸ்டலுமாகத் திரும்பி வந்தேன். அவனிடம் சொன்னேன். “சரி மாமா, உங்க இஷ்டம்” என்றான், தாத்தாவிடம் பேசும் குரலில்.

பீரங்கிக்கு நான் கண்டுபிடித்த வித்தையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பீரங்கிக்குக் குறிவட்டம் கிடையாது. குண்டு வளைந்து போய் விழும். எனவே திரையின் நடுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன், கிட்டே, நடுத்தூரம், தூரம் என்று. நங்கூரம் போட்டு நின்று பாறையைச் சுட்டபோது அருமையாக வேலை செய்தது. பத்துக்கு எட்டு. அடுத்த நாள் எலும்புக்கூடுகள் ஓட்டும் கப்பலோடு மோதினேன். அலையில் கப்பல் ஏறி இறங்க, பொட்டு ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். அந்தக் கப்பல்கள் சபிக்கப்பட்ட குண்டுகளையும் சுடும். ஊதா குண்டு கப்பலைப் பாதிக்கும், பச்சை குண்டு ஆளைப் பாதிக்கும். பச்சை ஒன்று பட்டு, கப்பலில் தண்ணீர் ஏற ஏற நான் தளத்தில் குத்தாட்டம் போட்டுக்கொண்டே மூழ்கினேன். பொட்டுகளைக் கிழித்தபோது கோந்து மட்டும் திரையில் ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

பொட்டு இல்லாமல் கற்றது இதுதான்: முதல் குண்டைக் கண்டுகொள்ளாமல் சுடு, எங்கே விழுந்தது என்று பார், அதை வைத்து இரண்டாவதைத் திருத்து. கப்பல் அலையின் உச்சிக்கு வந்ததும் ஒரு கணம் நிலையாக நிற்கும், அப்போது சுடு. எதிரிக் கப்பலின் நீர்மட்டத்துக்குக் குறி வை, மேலே விழும் ஓட்டையால் அவ்வளவு தண்ணீர் ஏறாது.

இப்போது வாளி.

கப்பலில் ஓட்டை விழுந்தால் பலகை வைத்து அடைக்க வேண்டும், ஏறிய தண்ணீரை வாளியால் மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். ஆரம்பத்தில் பதற்றத்தில் கீழ்த்தளத்தில் நின்றபடியே வீசுவேன், அது சுவரில் பட்டு உள்ளேயே விழும். இரண்டு வாரம் என் தண்ணீரை நானே இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு மதியம் இதற்கென்றே ஒதுக்கினேன். தனிக் கடலில் கப்பலைப் பாறையில் வேண்டுமென்றே மோதி ஓட்டை போட்டேன். தண்ணீர் முழங்கால் வரை ஏறவிட்டு, கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். அடைத்து, மொண்டு, தளம் காய்வதற்கு முதல் தடவை 70 வினாடி. படியில் எந்த இடத்தில் நின்றால் குனிந்து மொள்ளவும் நிமிர்ந்து கடலுக்குள் வீசவும் முடிகிறது என்று தேடினேன். சுமார் இருபது தடவைக்குப் பிறகு 41 வினாடி. நடுவில் இரண்டு கப்பல் மூழ்கியது, கவலையில்லை, கடல்கன்னி வந்து புதுக் கப்பலுக்குக் கூட்டிப் போய்விடும். இன்னொன்று அடுப்பில் எரிந்தது. கோழிக்கறியை 60 வினாடியில் எடுக்க வேண்டும், நான் வாளிக் கணக்கில் மறந்துவிட்டேன், கருகி, தீப்பிடித்து, கப்பலே எரிய ஆரம்பித்தது. வாளியால் அதையும் அணைத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அந்த மதியம்தான் பழைய நோட்டைத் திரும்பப் புரட்டினேன். 52-இல் 31. எல்லா இடத்திலும் கை வேறு வேலையில் இருந்தபோதுதான் செத்திருக்கிறேன். அப்படியானால் எதிரியின் கையும் எப்போதாவது வேறு வேலையில் இருக்கும் அல்லவா? அவன் கப்பலில் ஓட்டை போட்டால் அவனும் வாளியைத் தூக்கித்தானே ஆக வேண்டும்? நோட்டில் ஒரு புதுப் பக்கத்தில் எழுதினேன்: ‘தண்ணீர் முழங்காலுக்கு வரும்வரை பீரங்கியை விடாதே. வந்ததும் 41 வினாடி மட்டும் கீழே.’ இதற்கு முன்பு ஒரே ஒரு ஓட்டைக்கே கீழே ஓடுவேன். நான் கீழே இருக்கும் நேரமெல்லாம் அவன் மேலும் இரண்டு ஓட்டை போடுவான், அப்புறம் மேலே வரவே முடியாது.

மனிதர்களோடு மோத ‘அவர்கிளாஸ்’ முறைக்குப் போனேன். 2022 நவம்பரில் வந்தது. கப்பலில் உள்ள மணற்கடிகாரத்தைத் திருப்பினால் கடலுக்குள் மூழ்கி, எங்கோ இன்னொரு கப்பலுக்கு எதிரே மேலெழுவோம். ஒன்றுக்கு ஒன்று ஸ்லூப் சண்டை. முதல் ஒன்பதும் தோல்வி. எதிரில் இருப்பவர் எலும்புக்கூடு உருவத்திலோ பேய் உருவத்திலோ வந்தால் அவர் இதே சண்டையில் நூறாவது நிலையைத் தொட்டவர் என்று அர்த்தம். அப்படி நான்கு பேர் வந்தார்கள். அவர்களிடம் தோற்பதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு டீ ஆறும் நேரம். அதற்கடுத்த நான்கு சண்டைகளும் தோல்விதான், ஆனால் இழுபறி. கடைசி ஒன்றில் அவர் கப்பலும் பாதி மூழ்கியிருந்தது.

பதினான்காவது சண்டை வியாழக்கிழமை. எதிரில் வந்தவரும் என்னைப் போலக் கற்றுக்குட்டிதான், முதல் நான்கு குண்டும் கடலுக்கே போயின. எனக்கு இரண்டு ஓட்டை விழுந்தது, அடைக்கக் கீழே போகவில்லை. அவருக்கு மூன்று போட்டேன், மூன்றும் நீர்மட்டத்தில். அப்போது அவர் செய்ததைத்தான் நானும் ஒரு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன்: சண்டையை வாளால் முடித்துவிடலாம் என்று பீரங்கிக்குள் ஏறித் தன்னையே என் கப்பலை நோக்கிச் சுட்டுக்கொண்டார். தவறிப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தார். ஏணியில் ஏறுபவரால் ஆயுதத்தை எடுக்க முடியாது. நான் ஏணியின் தலைமாட்டில் வாளோடு நின்றேன். தலை தெரிந்ததும் இரண்டு வெட்டு, மூன்றாவது வெட்டில் மறுபடி கடலுக்குள் போனார். துரத்தவில்லை. கீழே போய் ஒரு ஓட்டையை அடைத்தேன், கொஞ்சம் மொண்டேன், மேலே வந்தேன். அவர் இரண்டாவது முறை ஏறினார், மறுபடி அதே. அவர் கப்பலில் வாளி தூக்க ஆளில்லை. மூன்றாவது முறை ஏணியில் கை வைப்பதற்குள் அந்தக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே போய்விட்டது. என் பிஸ்டலில் ஐந்து குண்டும் அப்படியே இருந்தன.

மறுநாள் மருமகனுக்குச் சொன்னேன். “நீங்க ஜெயிக்கல மாமா, அவன் தோத்தான்” என்றான். இருக்கட்டும்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் முதல் நாளே கேபிளைப் போட்டுவிடுவேன். மவுஸுக்குக் கொடுத்த 750 ரூபாயில் மகளுக்கு ஏதாவது வாங்கியிருக்கலாம், அவள் நோட்டும் ஸ்கேலும் என்னிடம்தான் இருக்கின்றன. வாளுக்கு முன்பே வாளிப் பயிற்சி, அதுவும் ஸ்டாப்வாட்சோடு. இரண்டு துப்பாக்கி ஆசை ஐம்பது சண்டைக்குப் பிறகு. நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டமும் வேண்டும்: அந்த நேரத்தில் எதிரியின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று.

நேற்று பதினைந்தாவது சண்டை. எதிரில் எலும்புக்கூடு உருவம். ஏணியின் தலைமாட்டில் வாளோடு காத்து நின்றேன். அவர் மறுபக்கத்து ஏணி வழியாக வந்தார். ஸ்லூப்பில் ஏணி இரண்டு.